நாயோடு தனியாக, சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை காரில்: முதல் தடவை கிளம்புபவர்களுக்கு

நாயை ஏற்றிக்கொண்டு தனியாக நெடுந்தூரம் போகும்போது வண்டி ஓட்டுவதைவிட வண்டியை நிறுத்துவதுதான் கஷ்டம். கூட ஒரு ஆள் இருந்தால், நீங்கள் கழிப்பறைக்குப் போகும்போது அவர் நாயைப் பிடித்துக்கொள்வார். தனியாளுக்கு அந்த வசதி கிடையாது, நாயை வண்டிக்குள் பூட்டிவிட்டுப் போகவும் கூடாது. டீ குடிப்பது, டீசல் போடுவது, ரூம் எடுப்பது என்று எல்லாவற்றையும் இந்த ஒன்றை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

என்னோடு வருவது செவலை. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய், எடை 18 கிலோ. கீழே உள்ள அளவுகளை உங்கள் நாயின் எடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் முதல் பிப்ரவரி பாதி வரை நல்லது. மே மாதம், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், வேண்டவே வேண்டாம். நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு அதுவும் சரியாக முடியாது. அவற்றை வைத்திருப்பவர்கள் டாக்டர் சரி என்று சொன்னால் மட்டும் கிளம்புங்கள்.

2. டாக்டரைப் பாருங்கள்

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே போய்விடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக்கான மருந்தும் அப்போதே வாங்கிவிடுங்கள். வண்டியில் வாந்தி எடுக்கும் நாய் என்றால் அதைச் சொல்லுங்கள், அதற்கும் மாத்திரை இருக்கிறது. நம் வீட்டு பாராசிட்டமாலையோ இபுப்ரூஃபனையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டுமே நாய்க்கு விஷம்.

தடுப்பூசிப் புத்தகத்தையும் நாய் வளர்ப்பதற்கான மாநகராட்சி உரிமத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசலும் கையில் இருக்கட்டும்.

3. காரைப் பழக்குங்கள்

இதில் அவசரம் காட்டாதீர்கள். முதல் சில நாள் வண்டி நிற்கும்போதே பின் சீட்டில் உட்கார வைத்து சாப்பாடு போடுங்கள். பிறகு இன்ஜினை மட்டும் ஓடவிடுங்கள். அப்புறம் தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு. அது சரியாக வந்தால் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புங்கள். வழி முழுக்க எச்சில் வடிக்கிறது, நடுங்குகிறது என்றால் இன்னும் நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி எங்கேயும் போய்விடாது.

4. உட்காரும் இடம்

பின் சீட்டு மட்டும்தான். முன் சீட்டில் ஏர்பேக் விரிந்தால் நாய் பிழைப்பது கஷ்டம். நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்கி, அதை சீட் பெல்ட் கொக்கியில் மாட்டும் குட்டைப் பட்டையோடு இணையுங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டினால் ஒரு திடீர் பிரேக்கில் கழுத்து முறிந்துவிடும். பட்டை எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்கு நீளமாக இருந்தால் போதும், முன் சீட்டை எட்டக் கூடாது. மடியில் வைத்து ஓட்டுவது, ஜன்னலில் தலையை நீட்ட விடுவது இரண்டும் கூடாது. தூசியும் பூச்சியும் கண்ணில் அடிக்கும்.

5. எடுத்துவைக்க வேண்டியவை

தண்ணீருக்குக் கணக்கு உண்டு. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 60 மில்லி. செவலைக்கு ஏறக்குறைய 1 லிட்டர் வருகிறது, வெயிலுக்காக நான் 3 லிட்டர் எடுத்துக்கொள்வேன். வீட்டுத் தண்ணீரும் வீட்டில் சாப்பிடும் அதே உணவும் இருந்தால் வழியில் வயிறு கெடாது. இரண்டு லீஷ் (நாயைப் பிடித்து நடத்தும் வார்), பழைய பெட்ஷீட், துண்டுகள், கழிவை எடுக்கப் பைகள், உண்ணி பிடுங்கும் இடுக்கி, கட்டுத்துணி, டார்ச். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண் பொறித்த தகடு. இந்தத் தகட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தெரியாத ஊரில் நாய் பிய்த்துக்கொண்டு ஓடினால், திரும்பக் கிடைக்க அது ஒன்றுதான் வழி.

6. கிளம்பும் நாள்

சுமார் 700 கிலோமீட்டர். முதல் தடவை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் திருச்சி வரை 330, மறுநாள் மீதி. நாயின் சாப்பாட்டை முந்தின இரவோடு முடித்துவிடுங்கள். டேங்கையும் அன்றே நிரப்பிவிடுங்கள். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் பரனூர் டோலை இருட்டிலேயே தாண்டி, வெயில் ஏறுமுன் விழுப்புரத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். டோலில் கண்ணாடியை இறக்கிப் பேசும் நிலை வந்தால் பல நாய்கள் குரைத்துத் தீர்த்துவிடும்.

7. நிறுத்துவது

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். ஆனால் டீக்கடை வாசலில் வேண்டாம். அங்கே நாலு நாயாவது இருக்கும், அது அவற்றின் எல்லை. உள்ளே இருந்து நம் நாய் ஒரு குரல் கொடுத்தால் போதும், வண்டியைச் சூழ்ந்துகொள்ளும். பெரிய பெட்ரோல் பங்க்கின் ஓரமாக, மர நிழலில், கண்ணுக்கு எட்டியவரை வேறு நாய் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

இறக்கும் வரிசையை மாற்றாதீர்கள். இன்ஜினை அணைத்துச் சாவியைப் பாக்கெட்டில் போடுங்கள். ரோட்டுப் பக்கம் இல்லாத பின்கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்து, இடுப்பால் கதவைத் தாங்கிக்கொண்டு கையை உள்ளே விடுங்கள். முதலில் லீஷை ஹார்னஸில் மாட்டி, அதன் பிடியை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் சீட் பட்டையைக் கழற்ற வேண்டும். “இரு” என்று சொல்லிக் கதவை முழுக்கத் திறந்து, அது உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு “வா” சொல்லுங்கள். ஏற்றும்போது இதையே தலைகீழாக: சீட் பட்டை மாட்டிய பிறகுதான் லீஷ் கழற்ற வேண்டும். எந்த நேரமும் ஏதாவது ஒன்று மாட்டியே இருக்கும். திருச்சி தாண்டி விராலிமலைப் பக்கம் மயில்கள் ரோட்டோரம் மேயும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களை அந்த நேரத்தில் குரலால் நிறுத்தவே முடியாது.

இனி கழிப்பறை. நாயையும் கூட்டிக்கொண்டே போங்கள். பங்க்கில் வேலை செய்பவர்களிடம் முதலிலேயே கேட்டுவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். காலைக் கூட்டம் சேருமுன் போவது இன்னும் சுலபம். சாப்பாடு பார்சல்தான், வண்டிக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட வேண்டியதுதான்.

“ஏசியைப் போட்டுப் பூட்டிவிட்டு ஐந்து நிமிஷத்தில் வந்துவிடலாமே” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். இன்ஜின் நின்றுபோனால் உங்களுக்குத் தெரியாது. நாய் தாவிப் பூட்டுப் பொத்தானை மிதித்துவிட்டால் நீங்கள் வெளியே, சாவி உள்ளே. வெளியே 24 டிகிரி இருக்கும்போதே மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 34 டிகிரி ஆகிவிடும். கண்ணாடியை விரல் அளவு இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

தார் ரோட்டில் நடத்துமுன் புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

8. வெப்பத் தாக்கு வந்தால்

நிற்காத மூச்சிரைப்பு, ரத்தச் சிவப்பான ஈறு, கயிறாக இழுபடும் எச்சில், தள்ளாட்டம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரை வயிறு, தொடை, பாதம் முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். ஈரத் துண்டை மேலே போர்த்திவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள். பிறகு ஏசியை முழுக்க வைத்து மருத்துவமனைக்கு. தெளிந்துவிட்டது என்று பயணத்தைத் தொடர வேண்டாம், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியும்.

இதற்காகத்தான் வழியில் உள்ள ஒவ்வொரு பெரிய ஊரிலும் ஒரு கால்நடை மருத்துவமனை எண்ணைக் கிளம்புமுன் அழைத்துச் சரிபார்த்து வைக்கச் சொல்கிறேன். திருநெல்வேலியை ஒட்டி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ சேவை எண் 1962. வண்டி பழுதானால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

9. இரவு தங்கல்

போனில் நாலு கேள்வி கேளுங்கள். நாய் ரூமுக்குள்ளேயே தங்கலாமா? தரைத்தளத்தில் ரூம் உண்டா? தனிக் கட்டணம் எவ்வளவு? ராத்திரி ரிசப்ஷனில் இருப்பவருக்கு இது தெரியுமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் சரி என்று சொன்னவர் ராத்திரி இருக்க மாட்டார். ரூமில் வீட்டு பெட்ஷீட்டை விரித்தால் அந்த வாசனைக்கே பாதி நாய்கள் படுத்துவிடும்.

10. தெற்கே போனதும்

பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்ததும் கதவைக் கெட்டியாகப் பிடித்துத் திறங்கள். அங்கே அடிக்கும் காற்று கதவை அறைந்து சாத்தும், வாலோ பாதமோ மாட்டினால் எலும்பு போய்விடும். கடற்கரையில் அலை பலமாக இருக்கும், லீஷைக் கழற்றாதீர்கள். உப்புத் தண்ணீர் குடித்தால் வாந்தி, பேதி வரும். கோயிலுக்கும் விவேகானந்தர் பாறைக்கும் போக வேண்டும் என்றால் நாயைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் தேவை. தனியாகப் போகும் பயணத்தில் நான் அவற்றை விட்டுவிடுகிறேன், விடியற்காலைக் கடலே எங்களுக்குப் போதும்.

திரும்பும் வழியில் பாபநாசம் அருவிக்குப் போகலாமா என்று தோன்றும். அகஸ்தியர் அருவி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வளர்ப்பு நாயை உள்ளே கொண்டுபோகக் கூடாது. நியாயமான விதிதான். 2018-இல் கிர் காட்டில் சிங்கங்கள் செத்தபோது அவற்றில் டிஸ்டெம்பர் கிருமி இருந்தது உறுதியானது. நாய்களைத் தாக்கும் அதே நோய்தான்.

ஒவ்வொரு ராத்திரியும், வீடு திரும்பிய பிறகும், காது மடிப்பு, விரல் இடுக்கு, வால் அடியில் டார்ச் அடித்து உண்ணி பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ, வெளியூர் போய் வந்ததைச் சொல்லி உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள்.