சீக் ரிட்ராக்டர்: வாய் இடம் கொடுக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள்

பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளையை வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கோ, பொத்துவிலிலிருந்து கல்முனைக்கோ கூட்டிவந்து திரும்பினால் அன்றைய பொழுது முழுக்கப் போய்விடும். அதனால்தான் இப்போது பல டொக்டர்மார் சின்னச் சந்தேகங்களுக்கு, "வாயைப் படமெடுத்து வட்ஸ்அப்பில அனுப்புங்க" என்கிறார்கள். கன்னத்தையும் உதட்டையும் விலக்கிப் பிடிக்கும் சீக் ரிட்ராக்டர் வீடுகளுக்குள் வந்தது இப்படித்தான். பல் வெண்மையாக்கும் பெட்டிகளோடும் அது வருகிறது. பார்க்கச் சாதாரணப் பிளாஸ்டிக் துண்டு. ஆனால் அவசரப்பட்டால் கடைவாய் கிழியும், முரசு புண்ணாகும், சிலருக்குத் தாடை மூட்டே பிசகும்.

நான் அதிகம் காணும் தவறு, மாட்டுவதற்கு முன்பே வாயை அகலத் திறப்பது. திறக்கத் திறக்க உதடு இறுகும். இறுகிய உதட்டுக்குள் எதையும் நுழைக்க முடியாது. எனவே வாயைப் பாதியளவே திறந்து, உதட்டைத் தளரவிடுங்கள். ரிட்ராக்டரைத் தண்ணீரில் நனைத்து, உதட்டிலும் கடைவாயிலும் வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ மெல்லியதாகத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்த வளைவு என்றால் இரு முனைகளையும் விரல்களால் சற்று நெருக்கி, ஒரு கடைவாயில் முதலில் பொருத்தி, பிறகு மற்றதைப் பொருத்த வேண்டும். விரல்களை மெதுவாக விட்டால் அது தானாகவே விரிந்து கன்னத்தை விலக்கும். கழற்றும்போதும் அப்படியே முனைகளை நெருக்கி, ஒரு பக்கத்தை விடுவித்த பின் மற்றதை எடுங்கள். நேரே முன்னால் பிடுங்கினால் கடைவாய் வெடிக்கும். கம்பி போட்ட வாயென்றால், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டும் உதட்டுத் தோலைச் சீவிவிடும்.

கைபிடித்து இழுக்கும் வகையில் வேறொரு பிழை நடக்கிறது. கடைவாய்ப் பல் தெரிய வேண்டுமென்று பின்பக்கமாக இழுத்து அமுக்குகிறார்கள். ஓரம் முரசில் குத்துகிறது, வலியால் வாய் தானாகவே மூடுகிறது, படமும் கெடுகிறது. பக்கவாட்டில், கொஞ்சம் முன்னோக்கி இழுங்கள். கன்னம் பல்லை விட்டு விலகி வெளிச்சம் உள்ளே போகும். பல் கடிக்கும் விதத்தைக் காட்டத்தான் படம் என்றால், பின்பற்களை இலேசாகக் கடித்துக்கொண்டே எடுக்கலாம்.

அளவும் முக்கியம். பெரியவருக்கான ரிட்ராக்டரைப் பிள்ளையின் வாயில் மாட்டக் கூடாது. கேட்கும்போதே சின்ன அளவைக் கேட்டு வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் விளிம்பு முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பில் மிஞ்சிய கூர்மையோ வெடிப்போ தட்டுப்பட்டால் அதை எறிந்துவிடுங்கள்.

படமெடுப்பவர் இன்னொருவராக இருப்பதே நல்லது. ஜன்னலோரம் உட்கார்ந்து, போனின் பின்பக்கக் கமராவால், சற்றுத் தள்ளி நின்று பெரிதாக்கி எடுத்தால் போதும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து மாட்டியிருக்க வேண்டாம். வாய் வறளும், தாடை களைக்கும். மூக்கால் மூச்சு விடுங்கள். நிமிர்ந்து உட்காருங்கள், மல்லாந்து படுத்தால் எச்சில் தொண்டையில் இறங்கிப் புரையேறும். வாயைத் திறக்கும்போது தாடை "டக்" என்று சத்தமிடுபவர்களும், முன்பு ஒருமுறை தாடை விலகியவர்களும் டொக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதிருப்பது நல்லது. மாட்டிய பிறகு வாய் மூட மறுத்தால் வீட்டில் யாரும் தட்டியோ அமுக்கியோ சரிசெய்யப் பார்க்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்டு உதடு மரத்திருக்கும்போதும் மாட்டாதீர்கள். புண்பட்டாலும் தெரியாது.

கலியாணம் நெருங்கும்போது வெண்மையாக்கும் பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெற்றிலைக் கறையும் பற்காறையும் அந்த ஜெல்லால் போகாது. அதற்குப் பல் டொக்டரிடம் சுத்தம் செய்ய வேண்டும். முன்பல்லில் அடைத்த இடமும் உறையும் நிறம் மாறாது, சுற்றியுள்ள பல் வெளுத்தால் அவை இன்னும் எடுப்பாகத் தெரியும். ஜெல்லில் இருப்பது பெரும்பாலும் பெரொக்சைட் என்ற வெளுக்கும் இரசாயனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 வீதத்துக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் பெரொக்சைட் கொண்டவற்றை நேரே பொதுமக்களுக்கு விற்க முடியாது, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பாவிக்கவும் கூடாது. இணையத்தில் வாங்கும் பெட்டியில் அளவு எழுதப்படவில்லையென்றால் அதை வாயில் வைக்காதீர்கள். முரசு வெளுத்து எரிந்தால் உடனே கழற்றிக் கொப்பளிக்க வேண்டும். "இன்னும் பத்து நிமிஷம்" என்று பொறுக்கக் கூடாது.

ஒரே ரிட்ராக்டரை அக்கா, தங்கை, மச்சாள் என்று மாற்றி மாற்றிப் பாவிப்பதும் நடக்கிறது. உதட்டோரம் கொப்புளம் போடும் ஹெர்பீஸ் வைரஸ் எச்சிலாலும் பரவும். ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். பாவித்ததும் சோப்பும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து மூடுங்கள். மாரி காலத்து ஈரத்தில் நனைந்தபடி பெட்டிக்குள் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கொதிநீரில் போடலாமா என்பது பிளாஸ்டிக்கைப் பொறுத்தது. உறையில் அப்படி எழுதியிராவிட்டால் போடாதீர்கள், நெளிந்த ரிட்ராக்டர் வாயைத்தான் குத்தும்.

இனி, இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் விட நான் கவலைப்படும் விடயம். சிலருக்கு எவ்வளவு மெதுவாக முயன்றாலும் ரிட்ராக்டர் போகாது. வாய் அந்தளவு திறக்காது, கன்னம் தடித்துக் கயிறு போல இறுகியிருக்கும், உறைப்புக் கறி பட்டாலே எரியும். அவர்கள் "சின்ன அளவு வாங்குவம்" என்று கடைக்குப் போகிறார்கள். போக வேண்டிய இடம் பல் வைத்தியப் பிரிவு. பல காலம் பாக்குப் போடுபவர்களுக்கு வாயின் உட்தோல் நாராகி இறுகும் நோய் வருவதுண்டு. அது புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேர்க்காத வெற்றிலைக்கும் அது பொருந்தும். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று.

வாய் போதுமான அளவு திறக்கிறதா என்று பார்க்க ரிட்ராக்டரே தேவையில்லை. உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நெடுக்குவாக்கில் வையுங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு மூன்றும் போகும். இரண்டுக்கே இடமில்லையென்றால் டொக்டரிடம் காட்ட வேண்டும். வலியோடும் வீக்கத்தோடும் வாய் திடீரென இறுகி, காய்ச்சலோ விழுங்கக் கஷ்டமோ இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மறுநாள் வரை பார்த்திருக்க வேண்டாம்.

ரிட்ராக்டர் தடையில்லாமல் போகிறவர்களும் மாட்டிய கையோடு கன்னத்தின் உள்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். வெற்றிலையை ஒதுக்கும் பக்கத்தைக் கூடுதலாகப் பாருங்கள். பின் அதைக் கழற்றி, நாக்கின் இரு ஓரங்களையும் பாருங்கள். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, 2 வாரம் கடந்தும் ஆறாத புண், கையில் தட்டுப்படும் கட்டி, இவற்றில் எது இருந்தாலும், நோகாவிட்டாலும், காட்ட வேண்டும். எடுத்த படத்தைக் கொண்டுபோங்கள். எப்போது முதல் இருக்கிறது, எத்தனை வருடமாக வெற்றிலை போடுகிறீர்கள், புகையிலையும் சேர்ப்பதுண்டா என்பதை டொக்டர் கேட்கும் முன்பே மறைக்காமல் சொல்லுங்கள்.