சொந்த மெயில் சர்வர்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

சொந்தமாக மெயில் சர்வர் வைக்கலாமா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வைக்கலாம். மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் பெட்டியில் வைத்துப் படிக்கத் தரும் டவ்காட் இரண்டையும் நிறுவுவது ஒரு மாலை வேலைதான். மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வீட்டு இணைப்பில் வைப்பது

வேண்டாம். வீட்டு ஐபி முகவரிகள் பெரும்பாலும் ஸ்பாம்ஹவுஸ் என்ற ஸ்பேம் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும்.

விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) வாங்கியபின் விசாரிப்பது

பல விபிஎஸ் நிறுவனங்கள், மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் போர்ட் 25 வழியாக மெயில் வெளியே போவதை அடைத்தே வைத்திருக்கின்றன. ஐபியிலிருந்து சர்வர் பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவும் ஐபி யாருடையதோ அவர்கள் கையில்தான். ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து அதைக் கட்டாயமாக்கிவிட்டது. பணம் கட்டுமுன் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

டொமைன் கணக்குக்கு அதே டொமைன் முகவரி

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. தெரிந்தவர் ஒருவர் சர்வரைப் பிரமாதமாக அமைத்திருந்தார். டொமைனைப் பதிந்து தரும் ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்திருந்த முகவரியும் அந்த டொமைனிலேயே. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களை அவர் வைத்த ஸ்பேம் வடிகட்டியே குப்பையில் தள்ளிவிட்டது. கார்டு காலாவதியாகியிருந்ததால் தானாகவும் புதுப்பிக்கப்படவில்லை. மெயில் நின்றதும் சர்வரில்தான் கோளாறு என்று லாக் பதிவுகளைத் துருவிக்கொண்டிருந்தார். விஷயம் புரிந்து ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குள் நுழையப் பார்த்தால் கடவுச்சொல் நினைவில்லை. அதை மாற்றும் இணைப்பு எங்கே போகும்? அதே செத்த முகவரிக்குத்தான். வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதை. அடையாள ஆவணங்களை அனுப்பி, அபராதம் போல ஒரு மீட்புக் கட்டணமும் கட்டித்தான் திரும்ப வாங்கினார்.

அவருக்கு அதிர்ஷ்டம். டாட் காம் டொமைன் என்றால் நீக்கியபின் மீட்க 30 நாள் தருவார்கள். அதையும் விட்டால் சில நாட்களில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவருக்கு உங்கள் வங்கி மெயிலும் கடவுச்சொல் மாற்றும் இணைப்புகளும் தாமாகவே வந்து சேரும். ஆகவே ரெஜிஸ்ட்ரார், டிஎன்எஸ் (டொமைன் பெயரை ஐபியோடு இணைக்கும் சேவை), விபிஎஸ் கணக்குகளுக்கு வெளி முகவரி ஒன்றைக் கொடுங்கள், ஜிமெயிலானாலும் சரி. டாட் காமை 10 வருடம் வரை முன்கூட்டியே பதியலாம்.

பேக்கப் எம்எக்ஸ்

முதல் சர்வர் படுத்தால் மெயிலை வாங்கி வைக்கும் இரண்டாவது சர்வர் இது. தேவையில்லை. உங்கள் சர்வர் ஒரு நாள் படுத்தாலும், அனுப்புகிற பக்கம் போஸ்ட்ஃபிக்ஸ் இருந்தால் 5 நாள் வரை விடாமல் முயலும். அந்த இரண்டாவது எம்எக்ஸை ஸ்பேம்காரர்கள்தான் தேடி வருவார்கள்.

அனுப்புவதும் நானே என்ற பிடிவாதம்

மெயில் வருவது உங்கள் சர்வருக்கு, போவது உங்களுக்காக மெயில் அனுப்பித்தரும் ஒரு ரிலே சேவை வழியாக என்று வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும். இதில் மானக்குறைச்சல் ஒன்றுமில்லை.

குடும்பத்தாருக்குக் கணக்கு

முதல் வருடம் கூடாது. மைத்துனருக்கு இன்டர்வியூ மெயில் வராமல் போனால் அப்புறம் எல்லா விசேஷத்திலும் அதே பேச்சுதான்.