எக்ஸ்ரே தெளிவு, கழுத்தில் காசநோய்

வெளிநாடு வருவதற்கு முன் விசாவுக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருப்பீர்கள். சில நாடுகளில் வந்து சேர்ந்தபிறகும் வீட்டுக்குப் பக்கத்து மருத்துவ மையத்திலிருந்து காசநோய்ப் பரிசோதனைக்குக் கடிதம் வரும். வந்தால் போய்விடுங்கள். மாண்டூ என்ற காசநோய்ச் சோதனை ஊசியைக் கையில் போட்டால் 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்த் தடிப்பைக் காட்ட வேண்டும். நம்மில் பலருக்குச் சிறு வயதில் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியாலேயே அந்த இடம் தடிக்கலாம். அதனால் தோள் தழும்பைக் காட்டி, ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். அதை பி.சி.ஜி. குழப்பாது.

பாசிட்டிவ் என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். கிருமி உடலுக்குள் தூங்கிக்கொண்டு மட்டும் இருந்தால் அது யாருக்கும் தொற்றாது. அப்படி உள்ளவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக மாறும், தொற்றிய முதல் இரண்டு வருடங்களில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். தடுப்பு மாத்திரை கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

சரி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். என் நண்பன் இங்கே வந்த எட்டாவது மாதம் அவனுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. வலி இல்லை, இருமல் இல்லை. சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடும், சட்டை தொளதொளத்தது. மருத்துவர் காசநோய் பற்றிக் கேட்டார். "விசா எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை" என்று இவன் உடனே சொன்னான், பக்கத்தில் இருந்த நானும் தலையாட்டினேன். காசநோய் என்றால் இருமலும் ரத்தமும் என்றுதான் நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம். அவன் சித்தப்பாவுக்கு அந்த நோய் இருந்ததும், ஒரே வீட்டில் வளர்ந்ததும் அன்று அவன் வாயில் வரவில்லை. நம் வீடுகளில் அந்தப் பேச்சை அமுக்கியே பழக்கம்.

அந்த எக்ஸ்ரே சொல்வது, எடுத்த நாளில் நுரையீரலில் நோயின் அடையாளம் தெரியவில்லை என்பதை மட்டும்தான். தூங்கும் கிருமி அதில் தெரியாது. நிணநீர்க் கணு (நெறி கட்டுவது இதில்தான்), முதுகெலும்பு, வயிறு என்று காசநோய் எங்கும் வரும். அப்போது நுரையீரல் சுத்தமாகவே இருக்கலாம்.

மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் நெறி கரையவில்லை. கடைசியில் அறுவைசிகிச்சை செய்து கணுவை எடுத்தார்கள். எடுத்ததை முழுக்க, சதை கெடாமல் வைக்கும் பார்மலின் திரவத்தில் போட்டுவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் காசநோய் போல இருக்கிறது என்று சொல்ல முடிந்ததே தவிர, கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்க வழியில்லாமல் போனது. மருந்துக்கு அடங்காத காசநோயும் உண்டு என்பதால் அது தெரிந்தே ஆக வேண்டும். மறுபடி ஊசி குத்திச் சீழ் எடுத்தார்கள். வளர்ப்புப் பரிசோதனை முடிவு வரப் பல வாரம் ஆயிற்று.

ஆகவே மருத்துவர் முன் உட்கார்ந்ததும், காசநோய் அதிகமுள்ள நாட்டிலிருந்து வந்தவன், வீட்டில் இன்னாருக்கு இருந்தது என்று முதலில் சொல்லுங்கள். எக்ஸ்ரே கதையை அப்புறம் சொல்லலாம். சதையோ சீழோ எடுப்பதாக இருந்தால், ஒரு பகுதியை பார்மலினில் போடாமல் காசநோய் வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சளி வந்தால் சளியையும் கொடுங்கள், அதில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும்.

வழக்கமான சிகிச்சை ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், கலங்க வேண்டாம். கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது கெடுக்கும் என்பதால் பெண்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் மாதம் நண்பனின் நெறி முன்பைவிடப் பெருத்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று அழுதான். கணுக் காசநோயில் மருந்து வேலை செய்யும்போதே சிலருக்கு இப்படி வீங்குவதுண்டு என்று செவிலியர் விளக்கிய பிறகு, ஒரு வேளை மாத்திரைகூட அவன் தவறவிடவில்லை.