நாயகனைப் பிடிக்கவில்லை என்றால் விமர்சனத்தை எப்படி எழுதுவது?

காதல் நகைச்சுவைப் படம் ஒன்று ஏமாற்றமளித்தால், அதைப் பற்றி எழுத உட்காருபவரின் பேனா முனையில் முதலில் வந்து நிற்பது ‘நாயகனைப் பிடிக்கவில்லை’ என்ற வாக்கியம்தான். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் டிக்கெட் எடுக்கலாமா என்று யோசிக்கும் வாசகருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சேலத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் பார்த்து, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிப் படித்துக்காட்டும் வழக்கத்தை வைத்திருக்கிறோம். அண்மையில் பார்த்தது, ஏற்காட்டில் நடப்பதாகச் சொல்லப்படும் ஒரு கதை. நண்பனின் திருமணத்துக்காக மலைக்கு வரும் இளைஞன், காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண் ஒருத்தியைத் தன்னைக் காதலிக்க வைப்பதாகப் பந்தயம் கட்டுகிறான். இத்தகைய படத்தைப் பற்றி எழுதும் முறையை அதைக் கொண்டே சொல்கிறேன்.

படம் பார்த்த இரவே, மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன், நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து நடுவே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நாயகன் செய்தவற்றையும், வலப்பக்கம் அவற்றால் நட்டப்பட்டவர் யார் என்பதையும் எழுதுங்கள். தாயார் மருத்துவமனையில் இருப்பதாக அவன் பொய் சொன்னான். அதை நம்பி உடன் சென்ற பெண்ணுக்கு வேலை போயிற்று. தோட்டத்துக் காவலாளியின் திக்குவாயைப் பேசிக்காட்டினான், அவமானம் காவலாளிக்கு. இப்படி ஒன்பது வரிகள் சேர்ந்தன; வலப்பக்கத்தில் நாயகன் ஒருமுறைகூட வரவில்லை என்றே அன்று நினைத்தேன். எரிச்சல் எங்கிருந்து வந்தது என்பதை இந்தப் பட்டியல் காட்டிவிடும்.

அடுத்ததுதான் விமர்சனத்தின் உயிரான வேலை. நாயகன் கெட்டவனாக இருப்பது குறையன்று. அவன் கெட்டவன் என்பது படத்துக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அவன் பொய் சொல்லும்போது பின்னணி இசை துள்ளுகிறதா, கேமரா அவன் முகத்திலேயே நிற்கிறதா, ஏமாற்றப்பட்டவரின் முகத்துக்கும் ஒரு கணம் போகிறதா, கடைசியில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்பவற்றைக் கவனித்தால் விடை கிடைக்கும். நாங்கள் பார்த்த படத்தில் வேலையிழந்த பெண்தான், அவனுடைய அன்பைப் புரிந்துகொள்ளாமல் போனதற்காக ஏரிக்கரையில் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். என் பக்கத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு காட்சிக்கே கொடுத்தேன், அவ்வளவும் அதற்குத் தேவைப்பட்டது.

ஒப்பிட்டுக் காட்டினால் வாசகருக்கு இன்னும் தெளிவாகும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’யில், குண்டலகேசிக் கதையில் வருவதுபோல, கொள்ளைக்காரக் கணவன் மனைவியைக் கொல்லவே மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். அவன் இனிமையாகப் பாடி அழைத்தாலும் படம் அவன் பக்கம் சாய்வதில்லை. கணவனை வலம் வருவதாகச் சொல்லி அவனைத் தள்ளிவிடும் மனைவியின் பக்கமே நிற்கிறது. அது நகைச்சுவைப் படம் அன்று என்பீர்களானால், 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யைப் பாருங்கள். அதன் நாயகனும் பொய்க்காரன்தான். நண்பனுக்குக் கிழவர் வேடம் போட்டுப் பணக்காரத் தந்தையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். ஆனால் அந்தப் பொய், பணக்கார மருமகனைத் தேடும் முதலாளியின் ஆசையைக் குறிவைப்பது. தன்னைவிட வலியவரிடம் சொல்லும் பொய்யையும் எளியவரிடம் சொல்லும் பொய்யையும் நம் சிரிப்பு வேறுபடுத்திப் பார்க்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தைக் குறிப்பிட விரும்பினால் ஒரு வாக்கியம் போதும். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆம் பிரிவில் இருக்கிறது. சினிமா குற்றத்தைக் காட்டலாம். அதைக் காதல் என்று பெயரிட்டு நம்மிடம் தரும்போதுதான் எதிர்த்து எழுத வேண்டும்.

உள்ளூர்க்காரர் என்ற முறையில் உங்களுக்கு மட்டும் தெரிந்தவற்றையும் எழுதுங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிச் செடி மார்ச், ஏப்ரல் மழைக்குப் பின் வெள்ளையாகப் பூக்கும். பழம் பறிப்பதோ நவம்பரில் தொடங்கிக் குளிர்காலத்தில். அந்தப் படத்தில் இரண்டு நாள் திருமணத்துக்குள் பூத்த தோட்டமும் பழம் பறிக்கும் பெண்களும் வந்து போகிறார்கள். தனியாக இது சிறு பிழைதான். ஆயினும் அவள் வாழும் ஊரையும் செய்யும் வேலையையும் உற்றுப் பார்க்காத படம், அவளையும் உற்றுப் பார்த்திருக்காது என்ற வாதத்துக்கு இது நல்ல சான்று.

நடிகரையும் பாத்திரத்தையும் பிரித்தே எழுதுங்கள். வசனத்தில் உள்ள இழிவுக்கு நடிகரின் முகத்தையோ நிறத்தையோ குறை சொல்வது, படம் காவலாளிக்குச் செய்ததையே நாமும் செய்வதாகும்.

எழுதி முடித்ததும், அந்தப் படத்தை ரசித்த ஒருவரிடம் படித்துக்காட்டுங்கள். எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா ஒருவருக்கு அது பிடித்திருந்தது. ‘ஒரு காட்சியிலும் சிரிப்பு வரவில்லை’ என்ற என் வரியைக் கேட்டதும் நிறுத்தச் சொன்னார்: “பந்தியில பாயசத்தக் கொட்டிட்டு, கல்யாணத்துக்கு வந்த எல்லார்கிட்டயும் அவனே போய் மன்னிப்புக் கேட்டானே, அப்ப நீங்க சிரிச்சீங்களே தம்பி.” அவர் சொன்னது சரி. அந்த வரியை அடித்துவிட்டு நோட்டுப் பக்கத்துக்குத் திரும்பிப் பத்தாவது வரியாகப் பாயசத்தைச் சேர்த்தேன். வலப்பக்கத்தில் முதன்முறையாக நாயகன் பெயர் வந்தது.