பழைய வெள்ளை ஒயின் வச்சிருக்கீங்களா?

வெள்ளை ஒயின்னா ரெண்டு வருஷத்துல போயிடும்னு நம்ம சேலத்துல நெறைய பேர் நெனைக்கிறாங்க, எல்லாத்துக்கும் அப்படி இல்லங்க. சாவிஞான் பிளாங்க்னு ஒரு வகை வெள்ளை ஒயின், அதுல சாதாவ சீக்கிரம் குடிச்சிடணும் சரி, ஆனா ஜெர்மனி மோசல் பக்கத்து நல்ல ரீஸ்லிங் (இதுவும் ஒரு வெள்ளை ஒயின் வகைதான்) புளிப்பு தூக்கலா இருக்கறதால 20 வருஷம் கூட தாங்கும், பிரான்ஸோட இனிப்பு ஒயின் சோத்தேர்ன் அதுக்கும் மேல. எதிரி வெயில்தான். 12-13 டிகிரில இருக்க வேண்டிய பாட்டில சித்திரை வெயில்ல பீரோ மேல வச்சா எந்த ஒயினும் தாங்காது, ஏற்காட்டுல சொந்தக்காரங்க வீடு இருந்தா அங்க இருட்டு ரூம்ல வைங்க, கார்க் போட்டதுன்னா படுக்க வச்சு.

தொறக்கறப்ப ரீஸ்லிங்ல லேசா மண்ணெண்ணெய் வாசம் வந்தா கொட்டிடாதீங்க ப்ளீஸ், வயசான ரீஸ்லிங்கோட வாசமே அதுதான், எனக்கு ரொம்ப புடிச்சதும் அதான். தங்க கலர் ஓகே. பழுப்பாகி, வெட்டி வச்ச ஆப்பிள் வாசம் வந்தா மட்டும் காத்து உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்.