சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட், பயாலஜிக் ஊசி ஆரம்பிக்கப் போறீங்களா? இன்ஃபெக்ஷன் விஷயத்துல இதெல்லாம் பாத்துக்கோங்க

டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட்டோ, சைக்ளோஸ்போரினோ, அடலிமுமாப் மாதிரி பயாலஜிக் ஊசியோ எழுதிக் குடுத்தா பயந்துபோய் லேகியம் தேடி ஓட வேணாம், ஆனா இதெல்லாம் எதிர்ப்பு சக்திய அடக்கித்தான் தோல ஆத்துது, அதனால மருந்து உள்ள போறதுக்கு முன்னாடியே சில வேலைய முடிச்சிடணும்.

முதல்ல டிபி. நம்ம ஊர்ல இருமல் காய்ச்சல் ஒண்ணுமே இல்லாம உள்ளுக்குள்ள டிபி கிருமி பதுங்கி இருக்கறவங்க ரொம்ப ஜாஸ்தி. அந்தக் கிருமி வெளிய வராம சுத்தி வேலி போட்டு வெக்கிறதுல டிஎன்எஃப்னு ஒரு புரதத்துக்கு பெரிய பங்கு, அடலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப், எடனர்செப்ட் மூணுமே அதத்தான் தடுக்குது. அதனால கையில ஊசி போட்டுப் பாக்கற மாண்டூ டெஸ்ட், இல்லன்னா இக்ரா ரத்த டெஸ்ட், கூடவே நெஞ்சு எக்ஸ்ரே, எல்லாம் முன்னாடியே எடுத்துடுங்க, மருந்து ஆரம்பிச்சப்பறம் எடுத்தா கிருமி இருந்தும் நெகட்டிவ்னு காட்டலாம். பாசிட்டிவ்னா ஊசியே கிடையாதுன்னு அர்த்தமில்ல, நோயா மாறலன்னு உறுதி பண்ணிட்டு தடுப்பு மாத்திரை குடுப்பாங்க, வழக்கமா ஒரு மாசம் அத சாப்பிட்டப்பறம் ஊசி, ஆனா மாத்திரை கோர்ஸ நடுவுல விடக்கூடாது. வீட்ல யாருக்காவது டிபி இருந்திருந்தா தயவுசெஞ்சு சொல்லிடுங்க, வரன் பாக்கறோம் வெளிய தெரிஞ்சா என்னாகும்னு டாக்டர்கிட்டயே மறைக்கிறது உயிரோட விளையாடற வேலை.

அதே ரத்தத்துலயே ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவியும் பாத்துடுவாங்க. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போட்டுக்கலாம். அம்மை மாதிரி உயிருள்ள கிருமி வெச்சு செய்யற தடுப்பூசிய மட்டும் மருந்து ஆரம்பிச்சப்பறம் கேக்காம போடாதீங்க.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டா எலும்பு மஜ்ஜை படுத்துடும், வெள்ளை அணு கொறஞ்சு சாதாரண கிருமி கூட ஆளை சாய்ச்சிடும், அதனால கிழமைய அட்டை மேலயே எழுதி வைங்க. யூரின் இன்ஃபெக்ஷன்னு போனா சில பேர் செப்ட்ரான்னு ஒரு ஆன்டிபயாடிக் எழுதுவாங்க, அதுவும் மெத்தோட்ரெக்ஸேட்டும் சேரவே கூடாது, எந்த டாக்டர்கிட்ட போனாலும் உங்க மருந்து பேர முதல்லயே சொல்லிடுங்க.

100.4 டிகிரி தொட்டாலோ, வாய் முழுக்க புண் வந்தாலோ, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தாலோ உடனே கூப்பிடுங்க. ஸ்டீராய்டு சாப்பிடறவங்களுக்கு காய்ச்சலே சரியா தெரியாது, உடம்பு அசத்தறதே போதும் கிளம்பறதுக்கு. அந்த வாரம் மெத்தோட்ரெக்ஸேட்ட நிறுத்தச் சொல்லலாம், ஆனா நாள்பட சாப்பிடற பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்ட நீங்களா டக்குனு நிறுத்திடாதீங்க, அது தனி ஆபத்து.

அக்கி வந்தாலும் இதேதான். ஒரு பக்கமா எரிச்சலோட கொப்புளம் கிளம்பினா, முக்கியமா டோஃபாசிட்டினிப்னு எதிர்ப்பு சக்திய அடக்கற மாத்திரை எடுக்கறவங்க, காவி கொழச்சு அக்கி எழுதிட்டு காத்திருக்காதீங்க, வைரஸ் மாத்திரைய மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும், கண்ணு பக்கத்துல வந்தா அன்னிக்கே போயிடுங்க.