பல்லில் சீழ் பிடித்தால் செய்ய வேண்டியவை

தூங்கவிடாமல் வாட்டிய பல்வலி திடீரென்று அடங்கிவிட்டால், நோய் தீர்ந்தது என்று பலரும் மருத்துவரைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். என்னைக் கவலைப்படுத்துவது இந்த அமைதிதான்.

வாயில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலை அரித்துச் சொத்தையாக்குகிறது. சொத்தை ஆழமாகி, நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பல்கூழை எட்டும்போது அங்கே அழற்சி உண்டாகிறது. சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் வீங்க இடமின்றி, இரத்த ஓட்டம் தடைபட்டு, பல்கூழ் இறந்துபோகிறது. வலி அடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். கிருமிகளோ வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகின்றன. ஈறில் கொப்புளம் போன்ற ஒன்று உடைந்து உடைந்து மீண்டும் வந்தால், உள்ளிருக்கும் சீழ் அவ்வழியே வடிகிறது என்று கொள்ளலாம். விரிசல் விட்ட பல், ஈறு நோய், அரைகுறையாக முளைத்த ஞானப்பல் ஆகியவற்றாலும் தொற்று வரலாம்.

மருத்துவரைப் பார்க்கும்வரை, வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்து கொப்பளியுங்கள். கன்னத்தின் மேல் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். தலையை உயர்த்தி வைத்துப் படுங்கள். பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ வலியைத் தணிக்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இபுப்ரோஃபெனைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரினை ஈறில் வைத்து அழுத்தாதீர்கள், அது சதையைப் புண்ணாக்கிவிடும். வீக்கத்தை ஊசியால் குத்துவதும் கூடாது.

ஆன்டிபயாடிக் மட்டும் போதும் என்ற நம்பிக்கை தவறானது. மருந்து இரத்தத்தோடுதான் பயணிக்கிறது. இறந்த பல்கூழுக்கு இரத்த ஓட்டமே இல்லாததால், அங்கே பதுங்கியுள்ள கிருமிகளை அதனால் எட்ட முடியாது. எனவே மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சீழை வெளியேற்றி, வேர் சிகிச்சை மூலம் உட்புறத்தைச் சுத்தம் செய்து அடைப்பார். காப்பாற்ற இயலாத பல்லைப் பிடுங்குவார். காய்ச்சல் இருந்தாலோ வீக்கம் பரவினாலோ ஆன்டிபயாடிக்கும் தருவார். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்ன நாள்வரை மருந்தைத் தவறாமல் உட்கொள்ளுங்கள்; மீதமிருக்கும் பழைய மாத்திரைகளை நீங்களாகவே விழுங்காதீர்கள்.

வாயைத் திறக்க முடியாமை, விழுங்குவதில் சிரமம், மூச்சுத் திணறல், நாக்கின் அடியிலோ கழுத்திலோ கண்ணைச் சுற்றியோ வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கக் கூடாது. கீழ்த்தாடைப் பல்லிலிருந்து தொற்று நாக்கின் அடித்தளத்துக்குப் பரவும் நிலையை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்தார். நாக்கை மேலே தள்ளி மூச்சுக்குழல் வழியையே அது அடைத்துவிடக்கூடும். அந்நிலையில், பல் மருத்துவர் கொடுத்த நேரத்துக்குக் காத்திராமல், இரவானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நீரிழிவு நோயாளிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் சிறு வீக்கம் கண்டவுடனேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.